எருக்கலைப் பூவும் எனக்குக் கிடைத்த தரிசனமும்

கொடிகாமம்,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சுபாஜினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் மருமகனும் என் பேரன் லக்ஷனும் அந்தக் குளிருக்குள் இருமல் தடிமன் இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நல்ல சுகம் என்று வழக்கத்துக்காக எழுதவில்லை, டொக்டரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். உடனே போனைத் தூக்காதே, கடைசி வரை வாசி. போனில் சொல்லத் தொடங்கினால் முதல் வசனத்திலேயே நீ ஏசத் தொடங்கிவிடுவாய், கடிதத்தை யாராலும் குறுக்கே வெட்ட முடியாது, அதனால்தான் இவ்வளவு காலத்துக்குப் பிறகு பேனை பிடித்திருக்கிறேன். இங்கே இந்த முறை நல்ல மழை, கிணறு கட்டுவரை வந்துவிட்டது. குரங்குகள் தென்னையில் குரும்பட்டியைக்கூட விட்டுவைப்பதில்லை, அப்பா அதற்காக ஒரு விசில் வாங்கி ஊதுகிறார், குரங்கு அசைவதில்லை, பக்கத்து வளவு நாய்தான் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. இனி விசயத்துக்கு வருகிறேன். மார்கழியில் ஒருநாள் நீ வீடியோவில் எடுத்தபோது நெற்வேர்க் சரியில்லை என்று சொல்லி நான் வைத்தேன் அல்லவா, நெற்வேர்க்கில் ஒரு பிழையும் இல்லை, பிழை என் கண்ணில் இருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன், சிரிக்க வேண்டிய இடங்களில் தாராளமாகச் சிரி, அப்பா இன்னும் சிரித்து முடியவில்லை.

எங்கள் ஒழுங்கைப் பிள்ளையாருக்குப் மார்கழி விரதத்தில் பெருங்கதை படிக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டார் உபயம் என்பது உனக்குத் தெரியும். எங்கள் நாளுக்கு முந்தின நாள் தங்கமுத்து அக்கா வந்தார். அவரை நீ மறந்திருக்க மாட்டாய், கோயிலுக்குப் பின்னால் இருக்கிறவர், புருசன் போனபிறகு தனிய இருந்துகொண்டு கோயில் பூவெல்லாம் தன் பொறுப்பு என்று இழுத்துப் போட்டுச் செய்கிறவர். வந்தவர் படியில் நின்றபடியே, "ரீச்சர், வெள்ளெருக்கலை இந்த வருசம் ஒரு இடமும் இல்லை, மழையிலை எல்லாம் அழுகிப்போச்சு, நீங்கள் முற்றத்துப் பட்டிப்பூவிலை ஒரு மாலை கட்டிச் சமாளியுங்கோ" என்றார். இதில் கோபப்பட என்ன இருக்கிறது சொல்லு. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. மற்ற எல்லாருடைய உபயத்துக்கும் எருக்கலம்பூ, நாகபூசணி ரீச்சருடைய உபயத்துக்கு மட்டும் பட்டிப்பூவா என்று இரவுச் சாப்பாடு முழுக்க அப்பாவிடம் புலம்பினேன். அப்பா இடியப்பத்தைக் குழைத்தபடி, பிள்ளையாருக்குப் பேதம் தெரியாது என்றார். பிள்ளையாருக்குத் தெரியாது, தங்கமுத்து அக்காவுக்குத் தெரியுமே என்றேன். இதுதான் என் பக்தியின் லட்சணம்.

அடுத்தநாள் காலை ஸ்கூட்டியை எடுத்து, அப்பாவைப் பின்னால் இருத்தி, அவர் மடியில் ஒரு பனையோலைக் கூடையையும் வைத்துக்கொண்டு கச்சாய்ப் பக்கம் போனேன். அங்கே கைவிட்ட வயலும் பற்றைக்காடும் சந்திக்கிற இடத்தில் வெள்ளெருக்கலை நிற்கிறது என்று பால்காரர் எப்போதோ சொன்னது நினைவில் இருந்தது. போய்ப் பார்த்தால் உண்மையாகவே நின்றது, மகள். காரையும் ஈச்சம் பற்றையும் இருட்டாக நெருங்கி நிற்க, அந்தக் காட்டுக் கரையில் இரண்டு ஆள் நீளத்துக்கு எருக்கலை, எல்லாம் வெள்ளை. ஊதாப் பூ எருக்கலை எந்த வெறும் காணியிலும் முளைக்கும், வெள்ளை அப்படி ஒரு கூட்டமாக நான் கண்டதில்லை. சாம்பல் பூசினது போன்ற தடித்த இலைகள், மெழுகில் வார்த்ததுபோல ஐந்து இதழ், நடுவில் சின்னக் கிரீடம். செம்மஞ்சள் நிறத்தில் கறுப்புக் கரை வைத்த வண்ணத்திப் பூச்சிகள் ஆளைக் கண்டு பயப்படாமல் பறந்துகொண்டிருந்தன. சின்னனில் நீ மொட்டை நசுக்கி டப் என்று வெடிக்க வைப்பாயே, நானும் யாரும் பார்க்கவில்லை என்று இரண்டு வெடிக்க வைத்தேன், அப்பா பார்த்துவிட்டார். பால் கையில் படுகிறது, கண்ணைத் தொடாதையும் என்று அவர்தான் சொன்னார். எருக்கலைப் பால் கண்ணுக்குக் கூடாது என்று முப்பது வருசம் வகுப்பில் சொல்லிக் கொடுத்த எனக்கே பாடமா என்று திருப்பிக் கேட்டேன். கேட்டு வாய் மூடவில்லை, ஒரு சின்னப் பூச்சி கண்ணுக்குள் விழுந்தது. என்ன செய்தேன் என்று நினைக்கிறாய். பால் சொட்டுகிற அந்தக் கையாலேயே முதலில் வலக் கண்ணைக் கசக்கினேன், பிறகு இடக் கண் கோபித்துக்கொள்ளும் என்பதுபோல அதையும் கசக்கினேன். கொஞ்சம் எரிந்தது, போத்தல் தண்ணியில் கழுவினேன், எரிவு நின்றுவிட்டது. பார்த்தீர்களோ, ஒன்றும் இல்லை என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டு கூடை நிறையப் பூவோடு ஊர்வலம்போல வீட்டுக்கு வந்தேன். ஒழுங்கையில் தங்கமுத்து அக்கா வீட்டுக்கு முன்னால் தேவையில்லாமல் ஹோர்ன் அடித்ததையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

பின்னேரம் மாலை கட்டும்போதே நூல் கொஞ்சம் புகைச்சலாகத்தான் தெரிந்தது. கண்ணாடியைச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டேன், வயசு என்று விட்டுவிட்டேன். நோவு இல்லை பிள்ளை, அதுதான் அந்தப் பாலின் கெட்டித்தனம், துளி நோவும் இல்லை. கோயிலுக்குப் போனோம். மாலையை ஐயர் சாத்தினார், கதை படித்து முடிந்து தீபம் காட்டுகிற நேரம், நான் நிமிர்ந்து பார்க்கிறேன், ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வளையம். சும்மா வெளிச்சம் இல்லை, வானவில் மாதிரி நிறம் நிறமான வளையம். அடுக்குத் தீபம் முழுக்க வளையமாக மின்னுகிறது, நடுவில் பிள்ளையார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துக் கண்ணீர் கொட்டத் தொடங்கியது. வெள்ளொளி ஏழு நிறமாகப் பிரிவது எப்படி என்று அரியம் வைத்துப் படம் கீறி, பிழையாகக் கீறின பிள்ளைகளின் காதைத் திருகின கை இது. அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு, "அப்பனே, எனக்குக் காட்டிப்போட்டாய்" என்று கோயில் முழுக்கக் கேட்கக் கத்தினேன். சனம் திரும்பிப் பார்த்தது. என்ன ரீச்சர், என்ன கண்டனீங்கள் என்று கேட்க, நான் சோதியைக் கண்டதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முன்னுக்கு நின்ற ஒருத்தி, "ஐயோ, மாலை அசையுது, பிள்ளையாற்றை மாலை அசையுது" என்று கத்தினாள். உண்மையாகவே அசைந்தது. அரோகரா என்று ஒரு பெரிய சத்தம். மணி அடிக்கிற பெடியன் நிறுத்த மறந்து அடித்துக்கொண்டே இருந்தான். ஐயர்தான் கிட்டப் போய்க் குனிந்து பார்த்து, மாலைக்குள்ளிருந்து மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட ஒரு கொழுத்த எருக்கலைப் புழுவை வெற்றிலையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். "ரீச்சர், உங்கடை உபயகாரர் ஒராள் இஞ்சை நிக்கிறார்" என்றார். கோயில் சிரிப்பில் அதிர்ந்தது. புத்தியுள்ளவள் அந்த இடத்திலேயே வாயை மூடியிருப்பாள். நானோ, மாலை அசைந்தது புழுவாலே, நான் கண்ட சோதி புழு இல்லையே என்று வாதாடி, கேட்டவர்களுக்கெல்லாம் மறுபடி மறுபடி சொன்னேன். மூன்றாவது தரம் சொல்லும்போது அந்த வளையத்துக்குள் ஒரு தும்பிக்கையும் வந்துவிட்டது, எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. தங்கமுத்து அக்கா மட்டும் ஒன்றும் கேட்காமல், பிரசாதமும் வாங்காமல் விறுவிறென்று வீட்டுக்குப் போய்விட்டார். எரிச்சல், வேறென்ன என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம்.

விடிய எழும்பினால் நல்ல பனி. மார்கழிதானே, கிணற்றடிக்குப் போகவே தடவித் தடவித்தான் போனேன். காலையிலேயே பக்கத்து ஒழுங்கையிலிருந்து இரண்டு பெண்கள் சோதிக் கதை கேட்க வந்தார்கள், அவர்களுக்கும் சொன்னேன், முகங்கள் தெரியவில்லை, குரலை வைத்து ஆளைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன், பாதி கோப்பைக்குள், பாதி மேசையில். அவர் துணி எடுத்துத் துடைத்தார். நீ எடுத்ததும் அப்போதுதான், உன் முகம் திரையில் ஒரு வெள்ளைப் புகையாகத் தெரிந்தது, அதனால்தான் வைத்தேன். சமைத்து முடித்துவிட்டு யன்னலடியில் வந்து நின்று, இண்டைக்கு என்ன இப்படி ஒரு பனி, மத்தியானமாகியும் விலகவில்லையே என்றேன். அப்பா கதிரையிலிருந்து எழும்பி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு, "இஞ்சாரும், பனி ஒண்டும் இல்லை. வெளியிலை நல்ல வெயில்" என்றார்.

மகள், அதைக் கேட்டதும் செருப்பும் போடாமல் முற்றத்தில் இறங்கினேன். உச்சந்தலை சுட்டது, வெறுங்காலில் மணல் சுட்டது, ஆனால் கண்ணுக்கு முன்னால் எல்லாம் பால் ஊற்றிவிட்டதுபோல வெள்ளை. என் கையை முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன், விரல் தெரிகிறது, ரேகை தெரியவில்லை. சோதியாவது தும்பிக்கையாவது, எல்லாம் போய், இனி உன் முகத்தையும் லக்ஷனுடைய முகத்தையும் பார்க்காமலே சாகப்போகிறேனோ என்ற ஒரே நினைப்புத்தான் நின்றது. அழுதேன். அப்பா அழ விடவில்லை, செருப்பைக் காலுக்குள் போட்டுவிட்டு, ஓட்டோவைக் கூப்பிட்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்யாணம் செய்த நாளிலிருந்து சபையில் என் கையைப் பிடிக்காத மனுசன், அன்றைக்கு மாட்டைப் பிடிக்கிற மாதிரி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி நடந்தார். வழி முழுக்க, நான் கேளாமலே, சாவகச்சேரி வந்திட்டுது, இது நாவற்குழிப் பாலம், தண்ணி நிறைய நிக்குது, கொக்கு நிக்குது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவ்வளவு கதைகாரன் தனக்குள்ளேயே ஒளிந்திருந்தான் என்று அவருக்கே தெரியாது போல.

கண் கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை, நெல்லியடிப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. மெசின் தட்டில் நாடியை வைக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியே, "அம்மா, எருக்கலைப் பால் ஏதும் பட்டதோ" என்பதுதான். ஓம் என்றேன். "விளக்கைச் சுற்றி நிறமா வளையம் தெரிஞ்சிருக்குமே" என்றார். அது கோயிலில், தீபம் காட்டும்போது என்று மெல்ல இழுத்தேன், ஏதோ ஒரு சின்ன நப்பாசை. அந்தப் பிள்ளை நல்ல மரியாதையாகத்தான் சொன்னார், "கோயில் விளக்கெண்டாலும் றோட்டு லைற் எண்டாலும் ஒண்டுதான் அம்மா, கருவிழி வீங்கினால் அப்படித்தான் தெரியும்." அத்தோடு விட்டிருக்கலாம், அப்பா பின்னாலிருந்து, "இவ சயன்ஸ் ரீச்சர்" என்று எடுத்துக்கொடுத்தார். வாட்டிலேயே தங்க வைத்து, மணிக்கு மணி சொட்டு மருந்து விட்டார்கள். நேரத்துக்கு வந்தபடியால் தப்பினீர்கள், தெளியும், ஆனால் பொறுமை வேணும் என்றார்கள். பொறுமை உன் அம்மாவிடம் எவ்வளவு இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கண்ணுக்கு மூடி போட்டுக்கொண்டு படுத்திருக்க, பக்கத்துக் கட்டிலில் இருந்த குருநகர் றோஸ் அக்கா என் சோதிக் கதையைக் கேட்டுவிட்டு, கட்டில் குலுங்கச் சிரித்தார், பிறகு எனக்காகவும் சேர்த்து மாதாவிடம் மன்றாடினார். ஒவ்வொரு நாளும் பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. ஒருநாள் காலை அப்பா சாப்பாட்டுப் பெட்டியோடு வாசலில் வர, அவருடைய சேட்டில் மேல் தெறி கீழ்த் துளையில் பூட்டி, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கிடப்பது எனக்குத் துலக்கமாகத் தெரிந்தது. இந்தக் கோலத்திலா இத்தனை நாளும் பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு தெறியைக் கழற்றிச் சரியாகப் பூட்டினார்.

வீடு வந்தபிறகு எனக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. ஊர் முழுக்கச் சொன்ன சோதியைத் திரும்ப எடுக்கவேண்டும். விடுமப்பா, சனம் தானாய் மறந்துபோகும் என்றார் அப்பா. எனக்கு மனம் கேட்கவில்லை, எல்லாரையும்விடக் கூடச் சிரிக்கப்போகிறவரிடம் முதலில் சொல்லிவிட்டால் மிச்சப்பேர் லேசு என்று தங்கமுத்து அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் குசினி வாசலில் இருந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், எருக்கலை, பூச்சி, கசக்கினது, டொக்டர் சொன்னது, தும்பிக்கை நான் சேர்த்தது வரைக்கும். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கிழங்கை அப்படியே வைத்துவிட்டு, "ரீச்சர், அந்த வளையம் உள்ளுக்கை நீலமும் வெளியிலை சிவப்புமோ" என்று கேட்டார். ஓம் அக்கா என்றேன். "அது எனக்கு ஒரு வருசத்துக்கு மேலை தெரியுது" என்றார். கோயிலில் மட்டும் இல்லையாம், வீட்டு லைற்றிலும் தெரியுமாம், சில நாளில் கண்ணுக்கு மேலே மண்டை பிளக்கிற மாதிரித் தலையிடியும் இருக்குமாம். வெளியில் சொன்னால் அருள் போய்விடும் என்று ஒருவருக்கும் மூச்சு விடவில்லையாம். "அண்டைக்கு நீங்கள் கத்தேக்கை எனக்கு மனம் விட்டுப்போச்சு ரீச்சர். எல்லாத்துக்கும் சயன்ஸ் கதைக்கிற உங்களுக்கும் காட்டிறார் எண்டால் எனக்கென்ன பெருமை எண்டு நினைச்சன்" என்றார். எனக்கு எருக்கலை, அக்காவுக்கு எருக்கலையும் இல்லை, ஒன்றும் இல்லை, அப்படியென்றால் அது வேறு ஏதோ. உடனே கிளினிக்குக்குப் போவோம் அக்கா என்றேன். அவர் எழும்பவில்லை. "மருந்து விட்டால் வளையம் போயிடுமோ" என்று கேட்டார். பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை. போகும் அக்கா என்றேன். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு, "விளக்கு வைக்கிற நேரம் ஆரோ வந்து நிக்கிற மாதிரி இருந்தது ரீச்சர்" என்றார். மகள், இத்தனை வருசம் பக்கத்தில் இருந்திருக்கிறேன், பூவுக்கும் மாலைக்கும் போட்டி போடத்தான் அந்தப் படலையைத் திறந்திருக்கிறேன். கடைசியில், வளையம் போனாலும் விளக்காவது தெரியவேணும் அக்கா, இப்படியே விட்டால் விளக்கும் தெரியாமல் போயிடும் என்றேன். அவர் எழும்பி, கையைக் கழுவிக்கொண்டு வந்து சேலை மாற்றினார்.

அதே டொக்டர் பிள்ளைதான் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் நன்றாகக் கூடியிருக்கிறது, இடக் கண்ணின் பக்கப் பார்வை போனது போனதுதான், மிச்சத்தை மருந்தாலும் லேசராலும் காப்பாற்றலாம், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். லேசர் செய்தாயிற்று. சொட்டு மருந்து நாள் தவறாமல் விடவேண்டும், அக்காவுக்குக் கை நடுங்குகிறது, ஒரு சொட்டுக் கண்ணுக்குள் போனால் மூன்று சொட்டுக் கன்னத்தில் போகிறது. அதனால் பின்னேரத்தில் நான்தான் போய் விட்டுவிடுகிறேன். அவர் அசையாமல் இருக்கமாட்டார், நான் ஏசுவேன், அவர் திருப்பி ஏசுவார், பிறகு இருவருமாக விளக்கை வைத்து, ஒரு தேத்தண்ணி குடித்தபிறகுதான் நான் வருவேன். வளையம் போய்விட்டதோ என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஊருக்குள் என் சோதியைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு, எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் உங்களுக்கும் தெரியும், ஆனால் படவிடாதீர்கள் என்று சொல்கிறேன். ஒழுங்கைப் பிள்ளைகள் எனக்குச் சோதி ரீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், முப்பது வருசம் படிப்பித்தும் கிடைக்காத பட்டம்.

நீ இதை வாசித்துவிட்டு என்னை ஏசத்தான் போகிறாய், ஏசு, ஆனால் அதற்கு முதல் நீயும் மருமகனும் போய்க் கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணாடிக் கடையில் எழுத்து வாசிக்கச் சொல்வது போதாது, டொக்டரிடம் போங்கள். லக்ஷனை இருட்டில் படுத்துக்கொண்டு போன் பார்க்க விடாதே. அப்பா உனக்கு வேறாக எழுதுவதாகச் சொன்னார், எழுதமாட்டார், அதனால் அவருடைய அன்பையும் இதிலேயே போட்டுவிடுகிறேன். அந்தக் குளிர் தேசத்தில் உங்கள் மூன்று பேருக்கும் வீட்டுக்குள்ளே வெளிச்சமும் உடம்பில் சுகமும் குறையாமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன், என்னைப் பார்த்து அவர் சிரித்தாலும் கேட்டதைத் தருவார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஆடி லீவுக்கு நீங்கள் வரும்போது தங்கமுத்து அக்கா வீட்டுக்குக் கட்டாயம் போகவேண்டும். போனால் அவருடைய வலப்பக்கமாக நின்று கதை பிள்ளை. இடப்பக்கம் நின்றால், நீ வந்திருப்பது அவருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
சி. நாகபூசணி